நெய்தலைக் கண்ணாலும் பயில்வோம்

நெய்தல் திணையை வகுப்பில் நடத்துகையில் நம் நாவில் அடிக்கடி வந்து விழும் தொடர் ஒன்று உண்டு: 'ஒருவகை நீர்ப்பறவை'. குருகா? ஒருவகை நீர்ப்பறவை. நாரையா? அதுவும் ஒருவகை நீர்ப்பறவையே. மாணவர் அதனை எழுதிக்கொள்வர். தேர்வில் திருப்பி எழுதி மதிப்பெண்ணும் பெறுவர். கண்ணால் காணாத பொருளுக்குச் சொல்லை மட்டும் கற்பிக்கும் இவ்வழக்கம் இன்னும் எத்துணைக் காலம் தொடர வேண்டும் என்பதே நம் வினா.

சென்ற பங்குனியில் மாணவர் சிலருடன் பழவேற்காடு சென்றோம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி அது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்கோடி மட்டுமே தமிழகத்தைச் சார்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய ஊர். அவர்தம் கல்லறைகளைக் காணச் செல்வோர் உளர். நாம் பறவைகளுக்காகவே சென்றோம்.

வேனில் தொடங்கும் அவ்வேளையில் ஒரு புதுமை உண்டு. குளிர்காலமெல்லாம் சாம்பல் நிறமாய்ச் சேற்றில் இரை தேடிய வளைமூக்கு உள்ளானின் மார்பு செங்கல் நிறம் கொள்ளத் தொடங்குகிறது. பொன்னிற உப்புக்கொத்தியின் வயிறு கருக்கிறது. வடக்கே சைபீரியத்தின் பனிநிலத்தில் கூடுகட்டப் புறப்படுமுன் அவை பூணும் மணக்கோலம் அது. 20 முதல் 30 கிராம் வரை எடையுள்ள கொசு உள்ளானும் அத்தொலைவு செல்கிறது. 2022-இல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்ததைக் கருவி பொருத்திக் கண்டறிந்தனர். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரை அலகால் அரித்து உண்டதைக் கண்ட மாணவர் ஒருவர், 'சலிக்கிறது ஐயா' என்றார். எந்த உரையாசிரியரும் நமக்குத் தராத சொல்!

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிட்ட பாடலை நாம் வறுமைக்குச் சான்றாகவே நடத்திவருகிறோம். அப்புலவரோ நாரையின் காலையும் அலகையும் உற்று நோக்கியவர். தெற்கே குமரிவரை வந்து வடதிசை மீளும் அதன் வழியையும் அறிந்தவர். பறவைக் காலில் வளையமிட்டு ஆராயும் முறை தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே வலசையைக் குறித்த அக்கண்களைப் பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆட்சிப்பணியில் இருந்த பி. எல். சாமி அவர்கள் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' எழுதினார். துறை நூலகங்களில் அந்நூலை எடுத்துப் படிப்போர் மிகச் சிலரே.

இது விலங்கியல் துறையின் வேலையன்றோ என்பர் சிலர். 1896-இல் மும்பையில் பிறந்த சாலிம் அலியின் வாழ்வை அவர்கள் நினைக்க வேண்டும். சிறுவனாய்ச் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, இது உண்ணத் தக்கதோ என ஐயுற்று மாமனிடம் கொண்டு சென்றார். மாமன் அனுப்பிய இடம் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம். இந்தியப் பறவையியல் அந்த ஐயத்திலிருந்து ஒரு பேரறிஞரைப் பெற்றது. இது எந்தப் பறவை என்று கேட்பதற்குத் துறை தேவையில்லை. சுலைமான் நபிக்குச் செய்தி கொணர்ந்ததாகத் திருமறை கூறும் ஹுத்ஹுத், நம் ஊர்ப் புல்வெளிகளில் மண்ணைக் கொத்தித் திரியும் கொண்டலாத்திதான். ஓதியவர் பலர், அடையாளம் கண்டவர் எத்துணைப் பேர்?

பறவை காண அத்துணைத் தொலைவு போக வேண்டுமா என்றும் கேட்கலாம். நியாயமே. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே செல்லும் பாலாறு நம் வாயிலிலேயே இருக்கிறது. ஆயினும் அதன் நிலை என்ன? தோல் பதனிடும் கழிவு பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது; மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டமாக ஏற்றது. 2025 சனவரி 30-இல் அதே ஆற்றைப் பற்றி அம்மன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தோல் வாணிகம் இவ்வட்டாரத்திற்குச் சோறும் கல்வியும் தந்தது. கல்விக்கூடங்களை எழுப்பிய கொடையும் அதில் விளைந்ததே. அந்நன்றியை மறவாமல்தான் பெரியோர் முன் இதனைச் சொல்கிறோம்: ஆற்றைக் கெடுத்துவிட்டு ஆற்றுவளம் பாடும் செய்யுளை மட்டும் காப்பது தமிழ்ப்பணி ஆகாது. பறவை நீங்கிய ஊரில் அதன் பெயரும் நெடுநாள் நில்லாது.

பழவேற்காட்டில் படகோட்டியவர் ஒவ்வொன்றையும் சுட்டி 'ஆலா', 'கடற்காகம்', 'உள்ளான்' என்று பெயர் சொல்லிவந்தார். அகராதியைப் பாராமலே அவர் அறிந்தவை அவை. அத்தகைய பெயர்களை மீனவரிடம் கேட்டுத் தொகுப்பது முதுகலை மாணவருக்கு உரிய களப்பணி, ஆய்வேட்டுக்கும் தகும். இதற்கு வேண்டுவன இரண்டு தொலைநோக்கிகளும், ஒரு பேருந்துக் கட்டணமும், பாடத்திட்டத்தில் ஒருநாளும். வேனில் முற்றினால் அப்பறவைகள் கரையில் இரா. பங்குனிக்குள் செல்ல வேண்டும். விடியலிலேயே ஏரிக்கரையில் இருந்தால், வெயில் ஏறுமுன் பறவைகளைக் கண்டு, லுஹர்த் தொழுகையை அவ்வூர்ப் பள்ளிவாசலில் முடித்துத் திரும்பலாம்.