நிரந்தரப் பணி கேட்பது குலத்தொழிலைக் கேட்பதா?

சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 2025 ஆகஸ்ட் 1 முதல் 13 நாட்கள் தூய்மைப் பணியாளர்கள் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்தனர். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது, ஆண்டுக்கணக்கில் உழைத்துவரும் தங்களைப் பணிநிரந்தரம் செய்ய வேண்டும் என்று கேட்டனர். அவர்களில் பெண்களே மிகுதி. 13-ஆம் தேதி நள்ளிரவில், உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி, காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் காலை உணவு, காப்பீடு முதலிய நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. கேட்ட நிரந்தரம் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தப் போராட்டத்தையொட்டி ஒரு கேள்வி எழுந்தது. குப்பை அள்ளும் வேலையில் நிரந்தரம் கேட்பது, குலத்தொழிலையே நிரந்தரமாக்குவது ஆகாதா? நம் பிள்ளைகள் இந்த வேலையை விட்டு வெளியேற வேண்டும் என்றல்லவா போராட வேண்டும்? இதைக் கேட்டவர்களில் நம் தோழர்களும் உண்டு, கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் அதை ஒதுக்கிவிடாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரில் பறையடிக்கவும், பிணக்குழி வெட்டவும், செத்த மாட்டை இழுக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் நாம். அந்தக் கட்டிலிருந்து விடுபட நம்மில் பலர் நகரத்துக்குப் பேருந்து ஏறினோம். அண்ணல் அம்பேத்கரும் கிராமத்தைப் புனிதமாகப் பார்க்கவில்லை. அரசமைப்பு அவையிலேயே அதன் குறுகிய புத்தியைக் கடுமையாகச் சாடினார். ஆனால் நகரம் நமக்கு என்ன வேலை தந்தது? நகராட்சி சுகாதாரப் பிரிவில் துடைப்பமும் தள்ளுவண்டியும் தந்தது. கொங்குப் பகுதி நகரங்களில் அருந்ததியர், சென்னையில் ஆதி திராவிடரும் ஆதி ஆந்திரரும் என்று ஆள் எடுக்கும்போதே சாதி பார்த்து எடுத்தது. அப்பா இறந்தால் வாரிசுக்கு அதே வேலை, அம்மா ஓய்வு பெற்றால் மருமகளுக்கு அதே தெரு.

தோட்டி என்றார்கள், துப்புரவுப் பணியாளர் என்றார்கள், இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறார்கள். கொரோனாக் காலத்தில் காலைக் கழுவி மாலையும் போட்டார்கள். அந்த மாலை போட்ட தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. நகரின் நடுவே குடிசைபோட்டு வாழ்ந்த மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிவிட்டு, விடியும் முன் வந்து தெருவைக் கூட்டு என்கிறார்கள்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணியாளர்கள் குறித்து ஒன்றிய அரசு எடுத்த கணக்கு 2024-இல் வெளியானது. சரிபார்க்கப்பட்ட சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடுதான் என்கிறது 2011 கணக்கெடுப்பு. ஆறில் ஒரு பங்கு மக்கள், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாக மலக்குழியில் நிற்கிறார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதியது இன்றைய அரசுக் கணக்கிலும் தெரிகிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். ஒரு தாய் ஒப்பந்ததாரரிடம் தினக்கூலியாக இருக்கிறாள். பி.எஃப். பிடிக்கிறார்கள், கட்டினார்களா என்று தெரியாது. உடம்புக்கு முடியாமல் ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி இல்லை. ஒப்பந்தம் கைமாறினால் பத்து வருட உழைப்பும் கணக்கில் இல்லை. அந்த வீட்டில் பிளஸ் டூ முடித்த மகன் என்ன செய்வான்? கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டும். வட்டி கட்ட முடியாதபோது படிப்பை விட்டு அதே மேஸ்திரியிடம் போய் நிற்பான். இல்லையென்றால் செப்டிக் டேங்க் லாரியில் ஏறுவான். குலத்தொழிலைப் பிள்ளையின் கையில் திணிப்பது இந்த நிச்சயமின்மைதான்.

அதே தாய்க்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் மருத்துவமும் உறுதியாக இருந்தால், மகன் படிப்பை முடிப்பான். நகராட்சியில் நிரந்தரமாக வேலை பார்த்தவர்களின் வீடுகளிலிருந்து ஆசிரியர்களும் செவிலியர்களும் வழக்கறிஞர்களும் வந்திருப்பதை நாம் ஒவ்வொரு ஊரிலும் பார்க்கிறோம். நிரந்தரம் கேட்பது இந்தத் தலைமுறையின் கூலிக்காக. வெளியேற்றம் கேட்பது அடுத்த தலைமுறையின் விடுதலைக்காக. ஒன்றை விட்டால் மற்றது கிடைக்காது.

24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்று தொழில் நிறுவனங்களுக்கு 1981-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. மில் முதலாளிக்குச் சொன்ன அந்த நீதியை, தன் கீழுள்ள மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசு சொல்லத் தயங்குவது ஏன்?

ஆனால் நிரந்தரத்தோடு நாம் நின்றுவிடவும் கூடாது. நிரந்தரமான வேலை, சாதிக்கென்று ஒதுக்கிய வேலையாகத் தொடரக் கூடாது. இயந்திரம் வர வேண்டும். அதை இயக்கவும் மேற்பார்வையிடவும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேண்டும். படித்த வாரிசுக்குத் துடைப்பம் தராமல், படிப்புக்கேற்ற பணியிடம் தர வேண்டும். சம்பளமும் மரியாதையும் உயர்ந்தால் எல்லாச் சாதியினரும் இந்த வேலைக்கு வருவார்கள். அப்படி வரும் நாளில்தான் அது வெறும் வேலையாகும்.

ஊரில் இருந்து இதைப் படிக்கும் நம் மக்களும் மாணவர்களும் சில செய்திகளை மனதில் கொள்ள வேண்டும்.

பாதுகாப்புக் கருவி ஏதுமின்றி மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளாட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டுமல்ல, வீட்டு உரிமையாளருக்கும் அது பொருந்தும். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஐநூறு, ஆயிரம் கூடத் தருகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் குழிக்குள் இறங்காதீர்கள். ஒருவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவரும் இறங்கி இரண்டு மூன்று உயிர்கள் சேர்ந்து போவதைச் செய்திகளில் தொடர்ந்து படிக்கிறோம். தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

உயிர் போய்விட்டால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. அதற்கு முன் அது 10 லட்சமாக இருந்தது. ஒப்பந்ததாரர் நீட்டும் ஒரு லட்சத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் ஆகிய ஏழு பிரிவினருக்குப் பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டில் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1-இல் தீர்ப்பளித்தது. சாதிச் சான்றிதழில் பிரிவு சரியாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள்.

பள்ளியில் அப்பாவின் வேலையைக் கேட்டால் தலைகுனியும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். குனிய வேண்டியது அவர்கள் அல்ல. ஊரின் மலத்தை ஒரு சாதியின் தலையில் வைத்துவிட்டு, தன் கையைச் சுத்தம் என்று நினைக்கும் சமூகம்தான் குனிய வேண்டும். அந்தப் பிள்ளைகள் படிக்க வேண்டும். அவர்கள் படித்து முடிக்கும் வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதற்காகத்தான் ரிப்பன் மாளிகை முன் அந்தத் தாய்மார்கள் அமர்ந்தார்கள். நம் மாவட்டத்து நகராட்சி வாசலிலும் அந்தக் கோரிக்கை ஒலிக்கும்போது, கேள்வி கேட்பவர்களாக மட்டுமின்றி, உடன் அமர்பவர்களாகவும் நாம் இருப்போம்.