புத்தகம் புதுசு, பயிற்சி பழசு: கணக்கு ஆசிரியருக்கு யார் பாடம் எடுப்பது?

ஒரு விடைத்தாளிலிருந்து தொடங்கலாம். இரண்டு எண்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்த வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வர்க்கப்படுத்திவிட்டுக் கூட்டுகிறாள். எண்கள் 3, 4 என்று வைத்துக்கொண்டால் அவள் வழியில் விடை 25. சரியான விடை 49. ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "ஃபார்முலாவைப் பத்து தடவை எழுதிட்டு வா" என்கிறார்.

பத்தாம் வகுப்பில் 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டிய இடத்தில், 3-ஐயும் 4-ஐயும் கூட்டி 7 என்று எழுதுகிறாள். வர வேண்டியது 5. பதினொன்றாம் வகுப்பில் சைன் 30 டிகிரியையும் சைன் 60 டிகிரியையும் கூட்டி, அதுதான் சைன் 90 என்கிறாள். 1 வர வேண்டிய இடத்தில் 1.366 வருகிறது. சைன் மதிப்பு 1-ஐத் தாண்டவே தாண்டாதே என்ற சந்தேகம்கூட அவளுக்கு எழவில்லை.

மூன்று வருஷம், மூன்று ஆசிரியர்கள், மூன்று சிவப்புக் கோடுகள். ஆனால் தவறு ஒன்றுதான். கூட்டிவிட்டுச் செய்தாலும் செய்துவிட்டுக் கூட்டினாலும் ஒன்றுதான் என்று அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதித்ததல்ல. ஐந்தால் பெருக்கும்போது அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆறாம் வகுப்பிலேயே பங்கீட்டுப் பண்பு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். சரியாகக் கற்றதை, அது செல்லாத இடத்துக்கும் கொண்டுபோகிறாள். இதற்குக் 'கவனக்குறைவு' என்று பெயர் வைப்பது ஆசிரியரின் அவசரம். அந்த அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது.

கணக்கு தெரிந்தால் போதாதா?

போதாது. பி.எஸ்சி., எம்.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவருக்கு அந்த மாணவி எங்கே தவறினாள் என்பது ஒரு நொடியில் தெரியும். ஏன் தவறினாள், எந்த எதிர்க்கேள்வியைப் போட்டால் அவளே கண்டுபிடிப்பாள் என்பது பட்டப்படிப்பில் வராத பாடம். அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-லேயே இதைத் தனி அறிவாகப் பிரித்துக் காட்டினார். பாடத்தை அறிவது ஒன்று, எப்படிக் கற்பிப்பது என்ற பொதுவான முறை இன்னொன்று, இந்தப் பாடம் இந்த வயதுக்காரருக்கு எந்த இடத்தில் முட்டும் என்று அறிவது மூன்றாவது.

2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக அமைக்கப்பட்ட கணிதக் குழு, சென்னை கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் இயங்கியது. பள்ளிக் கணக்கின் நான்கு நோய்களை அது பட்டியலிட்டது. முதலாவது பயமும் தோல்வி உணர்வும். அடுத்தது, நன்றாகப் படிப்பவரையும் விலகி நிற்பவரையும் ஒருசேர ஏமாற்றும் பாடத்திட்டம். பிறகு இயந்திரத்தனமான தேர்வு. நான்காவதாக, ஆசிரியருக்குப் போதிய தயாரிப்பும் துணையும் இல்லாமை. இருபது ஆண்டுகளில் இரண்டாவதும் மூன்றாவதும் தமிழ்நாட்டில் ஓரளவு கவனிக்கப்பட்டன என்று சொல்லலாம். நான்காவது வரிசையில் பின்னாலேயே நிற்கிறது.

2018-ல் என்ன மாறியது?

பத்தாண்டுக்கும் மேலாக மாறாதிருந்த மேல்நிலைப் பாடத்திட்டம் ஒரே மூச்சில் மாறியது. 2018-ல் 9, 11-ஆம் வகுப்புகளுக்கும் 2019-ல் 10, 12-ஆம் வகுப்புகளுக்கும் புதுப் புத்தகங்கள் வந்தன. அவை நல்ல புத்தகங்கள், சந்தேகமே வேண்டாம். பழைய பிளஸ் டூ கணக்கை எழுதியவர்களுக்கு நினைவிருக்கும்: 'கம் புக்'கில் இருக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்து, எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி என்ற கணக்கைப் போட்டு, இரண்டு பாடங்களைத் தாராளமாக விட்டுவிட்டே நல்ல மதிப்பெண் வாங்கலாம். புதிய முறை அந்த ஊன்றுகோலைத் தட்டிவிட்டது. தட்டியதும் சரிதான்.

ஆனால் மாணவருக்கு மட்டுமா அது ஊன்றுகோலாக இருந்தது?

பன்னிரண்டாம் வகுப்பின் தனிநிலைக் கணிதத்தில் குலங்கள் என்ற பகுதியை வருடக்கணக்கில் கரைத்துக் குடித்திருந்த ஆசிரியர்கள் உண்டு. புதுப் புத்தகத்தில் அது போய்விட்டது. சமன்பாட்டியல் தனி அத்தியாயமாக வந்தது. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் நுழைந்தது. இன்று வெள்ளிக்கிழமை என்றால் 100 நாள் கழித்து என்ன கிழமை? ஏழால் வகுத்தால் மீதி 2, ஆகவே ஞாயிறு. சுவையான பாடம்தான். காலண்டரையும் கடிகாரத்தையும் வைத்து ஒரு வாரம் விளையாடலாம். அப்படி விளையாட, பி.எஸ்சி. முடித்து இருபது வருஷமான ஆசிரியர் அதைத் தான் ஒருமுறை விளையாடிப் பார்த்திருக்க வேண்டும். புத்தகம் ஜூனில் கைக்கு வந்து, ஜூனிலேயே வகுப்பும் தொடங்கினால் அவர் என்ன செய்வார்? கைடு வாங்குவார். குறை சொல்ல முடியாது.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் க்யூஆர் குறியீடு, ஜியோஜீப்ரா செயல்பாடு என்றும் வந்தன. ஒரு நழுவியை இழுத்தால் பரவளையம் விரிவதையும் சுருங்குவதையும் திரையில் பார்க்கலாம். இழுப்பதற்கு முன் "இப்ப என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு, முப்பது பேர் முப்பது விதமாகச் சொல்வதைக் கேட்பதில்தான் பாடம் இருக்கிறது. குறியீட்டை எப்படி ஸ்கேன் செய்வது என்று காட்டுவதோடு நிற்கும் பயிற்சி அந்தக் கேள்வியை எட்டுவதே இல்லை.

அருவி மாதிரி விழும் பயிற்சி

பயிற்சியே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாநில அளவில் கருத்தாளர்களுக்கு நடக்கும், அவர்கள் மாவட்டத்துக்கு எடுத்துப் போவார்கள், அங்கிருந்து வட்டாரத்துக்கு இறங்கும். அருவி மாதிரி மேலிருந்து கீழே விழும் முறை இது. லட்சக்கணக்கான ஆசிரியர்களை விரைவாக எட்ட வேறு வழி இல்லை என்பது நிர்வாகத்தின் வாதம். சுற்றறிக்கைக்கு அது பொருந்தும். கணக்குக்குப் பொருந்தாது. மேலே பேராசிரியரோடு விவாதித்துப் புரிந்துகொண்டது, அடுத்த படியில் பவர்பாயிண்டாகி, கடைசிப் படியில் வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் ஆகிவிடுகிறது. விவாதம் மேல்தட்டிலேயே தங்கிவிடுகிறது, தாள் மட்டும் கீழே வந்து சேர்கிறது.

கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கும் பொறுப்பு உண்டு. வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு, டீ பிஸ்கட் வந்ததும் அன்றைய வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காலையில் எமிஸ் செயலியில் விவரம் ஏற்றிவிட்டு, அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தும் கட்டோடு பயிற்சிக்கு வந்தவரிடம், தன் வகுப்புக்குச் சம்பந்தமே இல்லாத பொது உரையைக் கேட்கச் சொன்னால் உற்சாகம் எங்கிருந்து வரும்?

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. சிங்கப்பூர் ஆசிரியருக்கு 100 மணி நேரம் உரிமை. எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் பயனில்லை. அந்த மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

ஷாங்காய்க்கு ஏன் ஆள் அனுப்பியது இங்கிலாந்து?

2014-ல் இங்கிலாந்து தன் கணக்கு ஆசிரியர்களை ஷாங்காய்க்கு அனுப்பியது, அங்கிருந்தும் ஆசிரியர்களை வரவழைத்தது. போனவர்களை வியக்க வைத்தவற்றில் ஒன்று அங்கிருந்த கால அட்டவணை. ஷாங்காயில் கணக்கு ஆசிரியர் ஒரு நாளில் எடுப்பது பெரும்பாலும் இரண்டு வகுப்புகள்தான். மிச்ச நேரத்தில் அன்றைய நோட்டை அன்றே திருத்துகிறார், சக கணக்கு ஆசிரியர்களோடு உட்கார்ந்து நாளைய பாடத்தைச் செதுக்குகிறார். அங்கே ஒரு வகுப்பில் மாணவர் எண்ணிக்கை அதிகம். அந்த விலையைக் கொடுத்துத்தான் இந்த நேரத்தை வாங்கியிருக்கிறார்கள். ஜப்பானில் ஒரே பாடத்தை ஒருவர் நடத்த, மற்ற ஆசிரியர்கள் வகுப்பின் ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள். அவர்கள் கண் மாணவரின் நோட்டின் மேல் இருக்கிறது. ஆசிரியரை மார்க் போடும் ஆய்வு இல்லை அது.

'இதெல்லாம் வெளிநாட்டுக் கதை' என்று தள்ள வேண்டியதில்லை. இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965-லேயே சென்னையில் தொடங்கப்பட்டது. ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய பி.கே. சீனிவாசன் பள்ளிக் கணக்கு ஆசிரியர்தான். ஆசிரியர்கள் கூடிக் கணக்குப் போடும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. அது தனிமனித ஆர்வமாகவே நின்றுவிட்டது, கால அட்டவணைக்குள் வரவில்லை.

கால அட்டவணைக்குள் கொண்டுவருவது எப்படி? கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்குக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஸ்டாஃப் ரூமில் ஆள் கிடையாது. பக்கத்துப் பள்ளிகள் ஐந்தாறைச் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிற்பகலைக் கணக்கு ஆசிரியர்களுக்கென்று ஒதுக்கலாம். பவர்பாயிண்ட் வேண்டாம். ஆளுக்குப் பத்து விடைத்தாள் கொண்டுவரட்டும். தொடக்கத்தில் பார்த்த மாணவியின் மூன்று தவறுகளும் ஒரே மேசையில் விழுந்தால்தான் அவை ஒரே தவறு என்பது யாருக்காவது தெரியும். அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் கணிதத் துறையிலிருந்து ஒருவர் அந்த மேசையில் இருந்தால் "எனக்கே இது சரியா புரியல" என்று ஆசிரியரும் கூச்சமில்லாமல் கேட்க முடியும். அடுத்த முறை பாடத்திட்டம் மாறும்போது புத்தகம் இவர்கள் கைக்கு ஓராண்டு முன்னதாக வர வேண்டும்.

அந்தப் பிற்பகலில் வகுப்பை யார் பார்ப்பது, பயணப்படி யார் கொடுப்பது என்ற கேள்விகள் வரும். நியாயமான கேள்விகள். காலிப் பணியிடங்கள் நிரம்பாமல் இதற்கு விடை கிடையாது.

அவசரம் ஏன் என்றால், 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. மாணவர் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்கே ஒரு காரணம் இருந்தது: பல பள்ளிகள் பதினொன்றை ஓரங்கட்டிவிட்டு நேரே பன்னிரண்டாம் பாடத்தை ஓட்டிக்கொண்டிருந்தன. எல்லை, தொடர்ச்சி, வகைநுண்கணிதம் எல்லாம் தொடங்குவது பதினொன்றில்தான். இன்ஜினீயரிங் முதல் செமஸ்டரில் கணக்கு அரியர் வைத்தவர்களைக் கேட்டால், எங்கே விட்டது என்று சொல்வார்கள். தேர்வு என்ற கண்காணிப்பு போன இடத்தில், கிடைத்த அவகாசத்தைப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியர் இருந்தால் மாணவர்கள் அந்த ஒரு வருஷத்தை நிதானமாகக் கணக்குப் போட்டுக் கழிக்கலாம். இல்லாவிட்டால் ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்பு கைடு பிரிக்கப்படும்.