42 நாளில் 2 முறை கைமாறிய நட்சத்திரம்: ஐஸ் ஹாக்கியில் வீரரை டிரேட் செய்ய சரியான நேரம் எது?

என்ஹெச்எல் எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில், 2025 ஜனவரி 24 அன்று ரசிகர்களை அதிர வைத்த ஒரு டிரேட் நடந்தது. 2022-ல் ஸ்டான்லி கோப்பை வென்ற கொலராடோ அவலாஞ்ச் அணி, அந்த வெற்றியில் முக்கியப் பங்கு வகித்த மிக்கோ ரான்டனெனை கரோலினா ஹரிகேன்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. சரியாக 42 நாள்தான். மார்ச் 7 அன்று கரோலினாவும் அவரை டல்லாஸ் ஸ்டார்ஸ் அணிக்குக் கைமாற்றியது.

இத்தனைக்கும் அவர் ஃபார்ம் இழந்த ஆள் கிடையாது. அந்த சீசனில் கொலராடோவுக்காக 49 போட்டிகளில் 64 புள்ளிகள் எடுத்திருந்தார். கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு உதவும் பாஸுக்கு ஒரு புள்ளி என்பது கணக்கு. அப்புறம் ஏன் இரண்டு அணிகள் அடுத்தடுத்து அவரை விட்டன? காரணம், அவருடைய ஒப்பந்தம் முடியும் தேதி.

ஒப்பந்தம் முடிந்தால் என்ன ஆகும்?

என்ஹெச்எல்-ல் 27 வயதை எட்டிய அல்லது 7 சீசன் ஆடி முடித்த வீரர், ஒப்பந்தம் முடிந்ததும் தனக்குப் பிடித்த அணியில் சேரலாம். வழக்கமாக ஜூலை 1 அன்று இந்தக் கதவு திறக்கும். பழைய அணிக்கு நஷ்டஈடாக ஒன்றுமே கிடைக்காது. ரான்டனெனின் ஒப்பந்தம் 2025 கோடையில் முடிய இருந்தது.

"கேட்ட பணத்தைக் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2024-25 சீசனில் அது 8.8 கோடி டாலர். கொலராடோவில் நேதன் மெக்கின்னனுக்கு மட்டுமே ஆண்டுக்கு 1.26 கோடி டாலர் போகிறது. இன்னொரு பெரிய சம்பளம் சேர்ந்தால் மற்ற இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும்.

விலை எப்படிக் குறைகிறது?

* ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டுக்கு மேல் மீதி இருந்தால் விலை உச்சத்தில் இருக்கும். வாங்கும் அணிக்கு இரண்டு பிளே ஆஃப் வாய்ப்பு கிடைக்கும்.
* கடைசி சீசன் தொடங்கிவிட்டால் ஒரே ஒரு பிளே ஆஃப்தான். விலை இறங்கும்.
* மார்ச் மாத டிரேட் கெடு தாண்டினால், பிளே ஆஃபில் ஆட வைக்க யாரும் அவரை வாங்க முடியாது.
* ஜூலை 1 வந்தால் பூஜ்யம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வாங்கும் அணியுடன் நீண்ட ஒப்பந்தம் போட வீரர் சம்மதித்தால், கடைசி நேரத்திலும் விலை ஏறும். ஆக, விலையைத் தீர்மானிக்கும் பேனா பாதி நேரம் வீரரின் கையில்தான் இருக்கு.

கரோலினா ஏன் அவசரப்பட்டது?

கரோலினா ஏற்கெனவே சூடு கண்ட பூனை. 2024 மார்ச்சில் பெரிய விலை கொடுத்து ஜேக் கென்ட்சலை வாங்கியது. சில மாதங்களில் அவர் டாம்பா பே அணிக்குப் போனார். கரோலினாவுக்கு மிஞ்சியது ஒரு மூன்றாம் சுற்று டிராஃப்ட் தேர்வு, அதாவது புதிய இளம் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டுமே.

ரான்டனெனும் நீண்ட ஒப்பந்தத்துக்குப் பிடி கொடுக்கவில்லை. எனவே கெடு நாளில் அவரைக் கொடுத்து, 22 வயது லோகன் ஸ்டான்கோவன், 2 முதல் சுற்றுத் தேர்வுகள், 2 மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் என அள்ளியது. டல்லாஸ் இவ்வளவு கொடுக்கக் காரணம், ரான்டனென் அங்கே 8 ஆண்டு, 9.6 கோடி டாலர் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்ததுதான்.

விற்றால் லாபமா?

கால்கரி பிளேம்ஸ் அணியின் 2022 கோடை இதற்கு நல்ல பாடம். 115 புள்ளிகள் எடுத்த ஜானி காட்ரோ (இப்போது உயிருடன் இல்லை), ஜூலை 13 அன்று அணியை விட்டு கொலம்பஸுக்குப் போனார். கால்கரிக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அடுத்து மேத்யூ கச்சக்கும் நீண்ட காலம் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட, இந்த முறை அணி சுதாரித்தது. 9 நாளில் அவரை ஃபுளோரிடா பேந்தர்ஸுக்குக் கொடுத்து, ஜொனாதன் ஹூபர்டோ, மெக்கென்சி வீகர், ஓர் இளம் வீரர், ஒரு முதல் சுற்றுத் தேர்வு ஆகியவற்றைப் பெற்றது.

அன்றைக்குப் பார்த்தால் அருமையான பேரம். ஆனால் போனவருக்கு வயது 24, வந்த ஹூபர்டோவுக்கு 29. அவருடைய ஒப்பந்தத்திலும் ஓர் ஆண்டுதான் மீதி. அவரையும் இழக்கக் கூடாதே என்று கால்கரி 8 ஆண்டுக்கு 8.4 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. முந்தைய சீசனில் 115 புள்ளிகள் எடுத்தவர், கால்கரியில் முதல் சீசனில் எடுத்தது 55. கச்சக்கோ ஃபுளோரிடாவுடன் 2024, 2025 என இரண்டு கோப்பைகளை வென்றார்.

கொலராடோவும் இந்தச் சிக்கலைத் தாண்டவில்லை. ரான்டனெனுக்குப் பதிலாக வந்த மார்ட்டின் நேச்சஸுக்கு 26 வயது, ஒப்பந்தத்தில் ஒன்றரை சீசன் மீதி. 2025 அக்டோபரில் அவரைத் தக்கவைக்க கொலராடோ ஒப்புக்கொண்ட சம்பளம் ஆண்டுக்கு 1.15 கோடி டாலர். ரான்டனெனுக்கு டல்லாஸ் கொடுப்பது 1.2 கோடி. வித்தியாசம் 5 லட்சம் டாலர்தான். இதைவிட வலித்தது 2025 மே 3. பிளே ஆஃப் முதல் சுற்றின் 7-வது போட்டியில், கடைசிப் பகுதியில் ஹாட்ரிக் அடித்து கொலராடோவை வெளியேற்றியவர் இதே ரான்டனென்!

விற்காமலே இருந்தால்?

அதற்கும் உதாரணம் உண்டு. 2019-ல் ஆர்டெமி பனாரின் போகப் போகிறார் என்று தெரிந்தும் கொலம்பஸ் அவரை வைத்துக்கொண்டது. சீசனில் 62 வெற்றி குவித்த டாம்பா பேயை 4-0 என வீழ்த்தி, தன் வரலாற்றில் முதல் முறையாக ஒரு பிளே ஆஃப் தொடரை வென்றது. கோடையில் பனாரின் சும்மாவே போய்விட்டார். இது லாபமா நஷ்டமா என்பது அந்த ஊர் ரசிகரைக் கேட்க வேண்டிய கேள்வி.

ஹியூஸ் டிரேட் சொல்வது என்ன?

2025 டிசம்பரில் வான்கூவர் கனக்ஸ், தன் கேப்டன் குவின் ஹியூஸை மினசோட்டா வைல்டுக்குக் கொடுத்தது. அவர் ஒப்பந்தம் 2027 வரை இருந்தது. பதிலுக்கு வந்த ஸீவ் பூயம், மார்கோ ரோஸி, லியம் ஓகிரென் மூவருமே 25 வயதுக்கு உட்பட்டவர்கள். கூடவே ஒரு முதல் சுற்றுத் தேர்வு.

சம்பள உச்சவரம்பு 2026-27-ல் 10.4 கோடி டாலராக உயர்கிறது. பணம் கொடுக்கப் பல அணிகள் தயாராக இருக்கும்போது, நட்சத்திரங்கள் அவசரப்பட்டுக் கையெழுத்திட மாட்டார்கள். அதனால் அணிகள் இன்னும் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியிருக்கும். போகிறவரின் ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் மீதி என்று பார்ப்பது முதல் வேலை. வருகிறவரின் வயது என்ன, அவர் எத்தனை ஆண்டு நம்மிடம் இருப்பார் என்று பார்ப்பது இரண்டாவது. கால்கரி கோட்டை விட்டது இந்த இரண்டாவதில்தான்.