ஒரு குவார்ட்டரும் ஒரு விருந்தும்: ஒரகடத்து மதுமேசையிலிருந்து சில கணக்குகள்

ஒரகடம் பகுதியிலுள்ள ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் எட்டு ஆண்டுகளாக மது பரிமாறி வருகிறேன். சேரியில் பிறந்து, உணவகப் பணியில் பட்டயம் பெற்ற ஒருவனுக்கு வண்டலூர்–வாலாஜாபாத் சாலை தந்த வேலை இது. மதுவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குடிப்பவனைப் பார்த்து எழுதுகிறார்கள். ஊற்றுபவனுக்கு வேறொரு பார்வை கிடைக்கிறது. அவன் கையில் அளவுக்குவளை இருக்கிறது.

அந்த அளவிலிருந்தே தொடங்குகிறேன். ஓர் ஆலையின் உயரதிகாரி இரவு ஏழு மணிக்கு வந்து அமர்கிறார். 330 மில்லி பீர் இரண்டு அருந்துகிறார். உணவுக்கு முன் 30 மில்லி விஸ்கி இரண்டு முறை, உணவோடு 150 மில்லி வைன் ஒரு கிண்ணம். பீரில் ஆல்கஹால் 5 விழுக்காடு, வைனில் சுமார் 12.5, விஸ்கியில் 42.8. கூட்டினால், மூன்று மணி நேரத்தில் அவர் உடலுக்குள் செல்லும் தூய ஆல்கஹால் ஏறக்குறைய 77 மில்லி. இடையில் வறுத்த மீன், கோழி, சோறு, குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர். பிறகு அவருடைய ஓட்டுநர் அவரை வீட்டில் சேர்க்கிறார்.

அதே சாலையில் சற்றுத் தள்ளி, டாஸ்மாக் கடையில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி குவார்ட்டர் ஒன்று வாங்குகிறார். 180 மில்லி, 42.8 விழுக்காடு. அதிலும் தூய ஆல்கஹால் 77 மில்லிதான். அவர் அதைப் பத்து நிமிடத்தில், நின்றுகொண்டு, ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டோடு முடிக்கிறார். கடை மூட இன்னும் கால்மணி நேரமே இருக்கிறது. அதிகாலை ஐந்து மணிக்கு நிறுவனப் பேருந்து வரும். சராசரி உடல் ஒரு மணி நேரத்தில் சிதைக்கக்கூடிய தூய ஆல்கஹால் பத்து மில்லி அளவே. பேருந்து ஏறும்போது அவர் உடலில் இரவு குடித்தது இன்னும் தீர்ந்திருக்காது.

ஒரே அளவு ஆல்கஹாலுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முன்னதற்கு விருந்தோம்பல் என்று பெயர். பின்னதைக் குடிவெறி என்பார்கள். அதிகாரிக்கு நாக்கின் நுட்பம் தெரியும், தொழிலாளிக்குத் தெரியாது என்று என் சக ஊழியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பின் மலிவான குவார்ட்டர் 140 ரூபாய் ஆயிற்று. 650 மில்லி பீர் பாட்டிலின் விலையும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் 5 விழுக்காட்டுப் பீரில் கிடைப்பது 32.5 மில்லி ஆல்கஹால் மட்டுமே. பன்னிரண்டு மணி நேரம் சுமை தூக்கியவர் அதே காசுக்கு உடல்வலி மறக்கும் இரு மடங்குக்கும் மேலான பொருளை எடுப்பதில் கூர்மையான கணக்கு இருக்கிறது. ரசனைக் குறைவு என்று அதைச் சொல்ல முடியாது. எது மலிவாக இருக்க வேண்டும், எது அருகில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அரசு. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் அதன் கையில்.

ஏறக்குறைய பீரின் வலிமை கொண்ட கள்ளுக்கு 1987 முதல் தடை. ஆலையில் வடித்த, எட்டு மடங்கு வலிமையுள்ள பிராந்திக்கு அரசே கடை நடத்துகிறது. (கள்ளைப் போற்றிப் பாடும் கூட்டத்தில் நான் இல்லை. என் பாட்டனுக்குக் கள்ளுக்கடையில் தனிக் கொட்டாங்குச்சிதான்.)

கடையை ஒட்டிய பாரின் நிலையை மாணவத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அந்த பாருக்கான ஒப்பந்தம் தின்பண்டம் விற்பதற்கும் காலிப் பாட்டில்களைச் சேகரிப்பதற்கும் மட்டுமே விடப்படுகிறது. மது பரிமாறுபவர் என்ற ஒருவர் அந்த ஏற்பாட்டில் இல்லவே இல்லை. எவ்வளவு குடித்தாய், உணவு உண்டாயா, வண்டி ஓட்டப் போகிறாயா என்று கேட்கும் பொறுப்பும் அதனால் யாருக்கும் இல்லை. என் மேசையில் ஒருவர் தடுமாறினால் ஊற்றுவதை நிறுத்துமாறு எனக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். அங்கே மேசை துடைக்கும், வாந்தி அள்ளும் இளைஞர்கள் டாஸ்மாக்கின் 23,000க்கும் மேற்பட்ட ஊழியர் கணக்கிலும் வராதவர்கள். நான் பழகியவரை அவர்களில் பெரும்பாலோர் எங்கள் தெருக்களைச் சேர்ந்தவர்கள், அல்லது வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

இந்தத் தொழிற்தடம் உருவான விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் பறையர்களின் நிலைமை குறித்து 1891இல் அளித்த அறிக்கைதான் பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்தது. அவர் எழுதியது இந்த மண்ணைப் பற்றி. அதே மண்ணில் 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் என ஆலைகள் எழுந்தன. நிலம் இருந்தவர்கள் இழப்பீடு பெற்றார்கள். அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்களுக்கு இழப்பீடு பெறப் பட்டா இல்லை. துப்புரவு, சுமை, தோட்டவேலை ஆகிய ஒப்பந்தப் பணிகளே அவர்கள் பங்குக்கு வந்தன. நெடுஞ்சாலைக் கடைகளின் வாடிக்கையாளர்கள் அப்படித்தான் உருவானார்கள்.

2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. விபத்துகளைக் குறைக்கும் நோக்கில் வந்த நல்ல தீர்ப்பு. 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகள் பல உள்ளே நகர்ந்தன. வழிபாட்டிடத்துக்கும் கல்வி நிறுவனத்துக்கும் நகரில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் தொலைவு வேண்டும் என்பது விதி. ஊர்க்கோயிலையும் ஊர்ப்பள்ளியையும் தவிர்த்து, எதிர்ப்புக் குரல் வலுவாக எழாத இடத்தைத் தேடினால், பல ஊர்களில் அது காலனிக்குப் போகும் வழியில்தான் அமைகிறது. அந்த ஆண்டு பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது.

குவார்ட்டர் வாங்கவும் காசில்லாதவர்கள் எங்கே போனார்கள் என்பதைக் கருணாபுரம் காட்டியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 65க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தலித்துகள், அன்றாடக் கூலிகள். குவார்ட்டர் விலையில் பாதிகூட இல்லாத சாராயப் பொட்டலத்தில் மெத்தனால் கலந்திருந்தது. முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால்தான். என் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும்: எத்தனாலையும் மெத்தனாலையும் நாக்காலோ மூக்காலோ பிரித்தறிய இயலாது. பழகிய குடிகாரனுக்கும் முடியாது, எனக்கும் முடியாது. உடலுக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்குகிறது. ஆகவே அன்று ஊடகங்களில் கேட்ட, தெரிந்தே குடித்துச் செத்தார்கள், இவர்களுக்கு எதற்குப் பத்து லட்சம் என்ற பேச்சு அறியாமை மட்டுமன்று. சேரியில் நிகழும் சாவை ஒழுக்கக்கேட்டின் கூலியாகக் காணும் பழைய கண் அது.

தண்டனைகளைக் கடுமையாக்கி அதே மாதம் சட்டம் திருத்தப்பட்டது. வழக்கு நீதிமன்ற ஆணையால் சிபிஐக்குச் சென்றது. அக்டோபர் 2இல் உளுந்தூர்ப்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மது ஒழிப்பு மகளிர் மாநாட்டை நடத்தியது. மாநாட்டில் கூடிய பெண்களின் கோபம் நியாயமானது. என் தாயும் அந்தக் கோபத்தோடு வாழ்ந்தவர்தான். இருப்பினும் பூரண மதுவிலக்கு என்ற ஒற்றைக் கோரிக்கையில் எனக்குத் தயக்கம் உண்டு. நம் மரபே இதில் ஒரே குரலில் பேசவில்லை. சென்னை மாகாணச் சட்டசபையில் விடுமுறை நாட்களில் மதுக்கடைகளை மூடக் கோரியவர் இரட்டைமலை சீனிவாசன். கூலி கையில் இருக்கும் நாளில் கடை மூடியிருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். மறுபுறம், அண்ணல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 1951இல் வெளியிட்ட தேர்தல் அறிக்கை, வளர்ச்சிப் பணிகளுக்கு நிதி திரட்டும் வழிகளுள் ஒன்றாக மதுவிலக்கைக் கைவிடச் சொன்னது. வருவாயை விட்டுக்கொடுத்தால் இழப்பு யாருக்கு என்று அவ்வறிக்கை கேட்டது. 2024-25இல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் ரூ.48,344 கோடி. இன்று அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்: இதில் எவ்வளவு இந்தத் தெருக்களுக்குத் திரும்பி வந்தது?

நாளை கடைகள் மூடப்பட்டாலும் விருந்தினரின் கிண்ணத்துக்கு வழி பிறக்கும். கடைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்ட 2023ஆம் ஆண்டிலேயே, மாநாட்டு அரங்குகளிலும் விளையாட்டு அரங்குகளிலும் மது பரிமாறச் சிறப்பு உரிமம் அறிவிக்கப்பட்டது. திருமண மண்டபங்கள் எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டன, மற்றவை நின்றன. அதே ஆண்டு ஜூலையில் அமைச்சர் முத்துசாமி 90 மில்லி காகிதப் பெட்டி பற்றிப் பேசியபோது மாநிலமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கட்டிங்குக்கு ஆள் தேடி நின்று, ஆள் கிடைக்காமல் முழுக் குவார்ட்டரையும் தனியே குடித்துவிட்டுச் சாலையைக் கடப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பாதி அளவு, உட்கார ஓர் இடம், தண்ணீர், பருப்புச் சோறு, பரிமாறுபவருக்கு மறுக்கும் அதிகாரம் — என் விடுதியில் விருந்தினருக்கு இவையெல்லாம் உண்டு. கூலிக்காரருக்கு இவற்றைக் கேட்டால் குடியை ஊக்குவிப்பதாகச் சொல்கிறார்கள்.

விடுதிகளின் பின்பக்கத்திலும் மது ஊற்றப்படுகிறது. கழிவுநீர்த் தொட்டியில் இறங்குபவருக்கு முன்கூட்டியே ஒரு குவார்ட்டர் வாங்கித் தருவது ஒப்பந்தக்காரர்களிடையே பழக்கம். அந்த நாற்றத்தில் நிதானத்தோடு யாரும் நிற்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் குவார்ட்டரின் காசு கூலியில் கழிக்கப்படுவதை நானே பார்த்திருக்கிறேன். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தனியார் விடுதியின் தொட்டியில் நச்சு வாயு தாக்கி மூன்று தொழிலாளர்கள் இறந்தனர். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது.

காலையில், நான் வேலை முடித்துத் திரும்பும் நேரத்தில், ஆலை வாயில்களில் மூச்சுப் பரிசோதனைக் கருவியோடு காவலர் நிற்பார். கருவி ஒலித்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலி இல்லை. இரண்டாம் முறை ஒலித்தால் வேலையே இல்லை. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் அவரை மதுமீட்புச் சிகிச்சைக்கு அனுப்பியதாக ஒரு செய்தியும் இதுவரை என் காதுக்கு வரவில்லை. முந்தைய இரவு என் மேசையில் 77 மில்லி அருந்தியவரின் கார் வரும்போது அதே காவலர் வணக்கம் வைத்துத் தடுப்பை உயர்த்துகிறார்.