மேலேயிருந்து பார்த்தால் லயன் தெரியாது

கொழும்பை ட்ரோன்ல எடுத்தா தாமரைக் கோபுரம் வரும். தெருவில் இறங்கி எடுத்தா புறக்கோட்டையில மூட்டை தூக்குறவரோட முகம் வரும். நம்ம கொஸ்லந்தவுக்கு மேலேயிருந்து எடுத்த படம்தான் வாய்ச்சிருக்கு: 220 மீட்டர் தியலும, உச்சியில் குளிக்கிற ஆட்கள், சுற்றிலும் பச்சை. லயன் கூரை ஃபிரேமுக்கு வெளியே.

2014 ஒக்டோபர் 29 காலையில மீரியபெத்தையில் மண் சரிஞ்சப்போ வந்த வான்படங்களை நாம மறக்கல. பச்சை மலையில் சிவப்பா ஒரு கீறல். அதுக்குக் கீழேதான் லயன்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தப்போ வீடு இல்லை. இடம் ஆபத்தானதுன்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லேயே எச்சரிச்சிருந்தது, 2011லயும் சொன்னது. ஒன்பது வருஷம்! அதுக்குள்ள அந்த லயன் வாசல்ல எத்தனை கெமரா வந்து நின்னுச்சு?

ட்ரோனே வேண்டாம்னு நாங்க சொல்லல. சரிவுக்கும் லயனுக்கும் எவ்வளவு தூரம்னு காட்ட அதைவிட நல்ல கருவி ஏது? அதுக்குப் பறக்க விடுங்க. அப்புறம் கீழே இறங்கி, வீட்டாரைக் கேட்டு, சுவரையும் கூரையையும் எடுங்க. கொழுந்துக் கூடையோட ஒரு அக்காவைச் சிரிக்கச் சொல்லி எடுத்தது ஏற்கனவே போதுமான அளவு இருக்கு.