பெட்டகமும் வாசலும்

சென்ற வாரம் நம் நண்பர் ஒருவர் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். காலஞ்சென்ற அவருடைய தாயாரின் புகைப்படங்கள் யாவும் அதில்தான் இருக்கின்றனவாம். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரிலோ அதை மாட்டுவதற்கு இடமே இல்லை!

1956-ல் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட முதல் டிஸ்க் யந்திரத்தில் 50 தட்டுகள் சுழன்றன. அவற்றில் அடங்கியவை சுமார் 50 லட்சம் எழுத்துக்களே. இன்று உள்ளங்கையளவு டிரைவில் ஒரு நூல்நிலையமே அடங்கிவிடுகிறது. பெட்டகம் வளர வளர, அதன் வாசலும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நண்பருடைய டிஸ்க்குக்கு 40 ஊசி இணைப்பும், நாடா போன்ற அகன்ற கேபிளும் வேண்டும். 2003-ல் வந்த 'ஸாட்டா' முறையில் விவரங்கள் செல்வதற்கு ஏழு தொடுமுனைகளே போதும். அதன் மூன்றாம் பதிப்பு விநாடிக்கு 600 மெகாபைட் வரை அனுப்பவல்லது. 2011-ல் வகுக்கப்பெற்ற என்.வி.எம்.இ. முறையைக் கைக்கொண்ட டிரைவுகள் அதையும் பன்மடங்கு மிஞ்சிவிட்டன.

வேகம் வரவேற்கத் தக்கதே. ஆனால், புது வாசல் திறக்கும்போது பழைய வாசல் மெல்ல மூடிக்கொள்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றை இடையில் வைத்து, தனியே மின்சாரமும் கொடுத்துப் பார்த்தோம். டிஸ்க் முனகியது, பிறகு சுழன்றது. திரையில் தாயாரைக் கண்டதும் நண்பர் வாய் பேசவில்லை.

எல்லா டிஸ்க்குகளும் இப்படிக் கருணை காட்டுமென்று நம்புவதற்கில்லை. நேயர்கள் தம் இல்லத்துப் பழைய டிரைவுகளை இந்த மாதமே எடுத்துப் பார்த்து, இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வைப்பார்களாக!