பனிக்கடலின் வழிகாட்டி யாருக்குச் சொந்தம்?

“முத்தியால்பேட்டைக்காரனுக்குத் தென்துருவப் பனியைப் பற்றி என்ன கவலை?” என்று சில மேதாவிகள் ஏளனம் செய்யக்கூடும். சோலைநகரிலும் வைத்திக்குப்பத்திலும் கடலை நம்பிப் பிழைக்கும் மக்களிடம் இப்படிக் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: துருவப் பனியைப் பார்க்கும் கண்தான் வங்கக் கடலின் புயல்காற்றையும் பார்க்கிறது!

விஷயத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் நம் விஞ்ஞானிகளையும் உணவையும் எண்ணெயையும் ஏற்றிக்கொண்டு, மைத்ரி, பாரதி என்ற நம் துருவ நிலையங்களுக்கு ஒரு வாடகைக் கப்பல் போகிறது. வழியை மறித்துக் கிடப்பது கடற்பனி. காற்று திசை திரும்பினால் திறந்த பாதையும் மூடிக்கொள்ளும். எங்கே பனி தளர்ந்திருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் தகவல்களிலிருந்து கணித்துச் சொல்வது, அகமதாபாத்திலுள்ள அரசு விண்வெளிப் பயன்பாட்டு மையம். ராடாருக்கு மேகமும் தடையில்லை, துருவத்தின் நீண்ட இரவும் தடையில்லை. 2016-இல் ஏவப்பட்ட ஸ்காட்சாட்-1 பனியையும் அளந்தது, கடல்மேல் வீசும் காற்றையும் அளந்தது. 2022-இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3-இலும் அதே வகைக் கருவி இருக்கிறது. அத்தனையும் ஜனங்களின் வரிப்பணம்.

இந்த வேலைக்கு இப்போது ‘யந்திரக் கற்றல்’ வந்திருக்கிறது. உடனே முதலாளித்துவப் பிரசாரகர்கள் கொக்கரிக்கிறார்கள்: “இனி மனிதன் தேவையில்லை, யந்திரமே படம் பார்த்து வழி சொல்லும், கம்பெனிகள் நடத்தட்டும்!”

யந்திரம் யாரிடம் கற்றது ஐயா? டென்மார்க், கனடா அரசுகளின் பனித் துறைகளில் வேலை செய்யும் ஆய்வாளர்கள், ராடார் படங்களை உற்றுப் பார்த்துக் கோடு கோடாக வரைந்த பனி வரைபடங்களிடம் கற்றது! ‘இது பழைய பனி, இது புதுப் பனி, இது தண்ணீர்’ என்று அவர்கள் குறித்து வைத்ததைத்தான் அது மனப்பாடம் செய்கிறது. அவர்களுடைய உழைப்பை உருவி எடுத்துவிட்டு, அவர்களையே வேண்டாதவர்கள் என்கிறார்கள். பஞ்சாலை முதலாளி பாடிய பழைய பாட்டுத்தான் இது. அந்த யந்திரமும் தவறுகிறது. காற்றில் கொந்தளிக்கும் தண்ணீரும் ராடார் படத்தில் பனியைப் போலவே வெளுத்துத் தெரியும். கோடையில் பனி ஈரமானால் கணக்கே குழம்பும். அப்போது மாலுமி நம்பியிருப்பது அனுபவமுள்ள மனிதக் கண்ணைத்தான்.

லாபமில்லாமல் இது நடக்காதா? 1983-ஐப் பாருங்கள். சோவியத் நாட்டின் வடகிழக்குக் கரையோரம், ராங்கல் தீவை ஒட்டிய பனியில் ஏராளமான சரக்குக் கப்பல்கள் சிக்கின. அப்போதுதான் ஏவப்பட்டிருந்த காஸ்மாஸ்-1500 ராடார் செயற்கைக்கோளின் படங்களைப் பார்த்துப் பாதை கண்டு, பனி உடைக்கும் கப்பல்கள் அவற்றை மீட்டன. எந்தப் பங்குச்சந்தையும் அதற்கு முதல் போடவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். கடற்பனியைக் கண்காணிப்பது என்று தொடங்கிய பின்லாந்துக் கம்பெனி ஐஸ்ஐ. அதன் முதல் செயற்கைக்கோள் 2018 ஜனவரியில் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் மேலே போயிற்று. கெட்டிக்காரப் பொறியாளர்கள்தாம், ஐயமில்லை. ஆனால் இன்று அந்தக் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர்கள் யார்? ராணுவங்கள்! பனியைப் பார்க்கத் திறந்த கண் போர்க்களத்தின் பக்கம் திரும்பிவிட்டது. மூலதனத்துக்கு லாபம் இருக்கும் திசைதான் வடக்கு.

இந்தக் கூட்டத்துக்குத்தான் 2024-இல் மத்திய அரசு கதவைத் திறந்தது. செயற்கைக்கோள் தயாரிப்பிலும் அதன் தகவல் வியாபாரத்திலும் 74 சதவிகிதம் வரை அந்நிய மூலதனம், முன் அனுமதியே இல்லாமல் நுழையலாமாம்!

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, சில நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வானத்தில் கண் இருந்தது. படகில் காது இல்லை. எத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன! 2019-இல் வந்த ‘ஜெமினி’ கருவி செய்தியை வாங்கும். படகிலிருந்து திருப்பிச் சொல்லாது. 2024-இல் தொடங்கிய இருவழிக் கருவித் திட்டமும் அரசு விஞ்ஞானிகளின் கைவேலையே. அன்று எந்தக் கம்பெனி ஓடி வந்தது?

ஆகவே கேட்கிறோம்: 74 சதவிகித அனுமதியை ரத்து செய். பனி வரைபடமும் காற்றளவும் அரசின் கையிலேயே, காசில்லாமல் இருக்கட்டும். யந்திரத்துக்குப் பாடம் சொன்ன ஆய்வாளரின் வேலையைப் பறிக்காதே. சோலைநகரின் சின்னஞ்சிறு படகுக்கும் இருவழிக் கருவியைக் கொடு, தமிழில் பேசும் கருவியாகக் கொடு. அடுத்த புயல்மாதம் வருவதற்குள் கொடு!